ஓர் ஆள் இடைவெளி

எனக்குக் கதை கட்டத் தெரியாது. படம் எடுக்கத்தான் தெரியும். அதனால் இதில் நானாகச் சேர்த்தது ஒரு வரிகூட இல்லை. அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். நானே அதைத் திறந்து பார்த்து மூன்று வருடமாகிறது.

எங்கள் மெரிதா நகரில் டோன்யா எல்வி, அதாவது எல்வி அம்மா, என்றால் யாரும் வழி சொல்வார்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகும் நான் கேமராவைக் கீழே வைக்கவில்லை. ஸ்டூடியோவில் நிற்க வைத்து எடுக்கிற படம் இல்லை. வீட்டுக்கே போய், அந்தக் குடும்பம் தன்பாட்டில் இருப்பதுபோல எடுக்கிற படம். கேட்க சுலபமாக இருக்கும். ஆனால் 'இயல்பா இருங்க' என்று சொல்லிப் பாருங்கள், உலக்கையை விழுங்கினதுபோல நிற்பார்கள். அதனால் ஆளுக்கு ஒரு வேலை கொடுப்பேன். பெண்டாட்டி காதில் எதையாவது உளறு. பிள்ளையின் முடியைக் கோதிவிடு. கைகோத்து நடங்க, திரும்பிப் பார்க்காதீங்க. அந்த வேலையில் என்னை மறப்பார்கள். அப்போது எடுப்பேன்.

அன்றைக்கு அக்டோபர் முப்பத்தொன்று. எங்கள் ஊர் நம்பிக்கைப்படி, இறந்துபோன குழந்தைகள் தங்கள் வீட்டுக்கு வருகிற நாள். அன்றைக்கு நான் வேலை ஒத்துக்கொள்வதே இல்லை. ஆனால் படம் கேட்டு வந்த வில்பெர்த் விடவில்லை. கப்பல் சமையலறையில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. மறுநாள் காலை கிளம்ப வேண்டும். ஒன்பது மாதம் வீட்டுப் பக்கம் வர முடியாது.

"எல்லாரும் சேந்து ஒரே ஒரு படம் டோன்யா. படுக்கைக்கு மேல ஒட்டி வச்சுக்கறேன்" என்றான். மனசு கேட்கவில்லை. போனேன்.

கண்ணை உறுத்துகிற சாமான்களை எடுத்து வையுங்கள் என்று எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்வேன். அவன் மனைவி நெய்தி அதைக் கொஞ்சம் அதிகமாகவே செய்திருந்தாள். வீடு முழுக்கப் பால் நிறம், உடுப்பும் பால் நிறம். அன்றைக்கு எந்த வீட்டு மேசையிலும் மெழுகுவத்தி, சாக்லேட், மிட்டாய், ஒரு டம்ளர் தண்ணீர் என்று வருகிற குழந்தைகளுக்காகப் பரப்பியிருக்கும். அவள் வீட்டு மேசை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. கொல்லைக் கிணற்றை மூடியிருந்த துருப்பிடித்த தகரத்தைக்கூட அகற்றியிருந்தாள்.

அதோடு நிற்கவில்லை. சின்னவள் சுவெமிக்கு நாலு வயது. வருகிற ஆத்மாக்கள் கூட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று குழந்தைகளின் மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டுவோம். பக்கத்து வீட்டில் இருக்கிற வில்பெர்த்தின் அக்கா எர்மிலா காலையிலேயே வந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

"படத்துல செவப்பா துருத்திட்டு நிக்கும்னு வெட்டிட்டேன் டோன்யா" என்றாள் நெய்தி.

எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கேமராவை வெளியே எடுத்தேன்.

ஐந்து பத்துக்கு ஆரம்பித்தேன். என் பொறுமை அதற்கப்புறம் கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. வில்பெர்த் ரெண்டு நொடிக்கு ஒருதரம் கேமராவைத் திரும்பிப் பார்த்தான். மூன்று முறை திட்டினேன். மூத்தவன் யாயிருக்குப் பதிமூன்று வயது, வாய் நீளம். "அப்பா வோட்டர் அட்டைக்கு நிக்கறார் டோன்யா. நம்பர் மட்டும் போட்டுக் குடுத்துருங்க" என்றான். அதற்குச் சிரித்தார்கள் பாருங்கள், அந்த நேரம் பார்த்து சுவெமி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதைவிட எரிச்சல் அந்த இடைவெளி.

நெய்திக்கும் சுவெமிக்கும் நடுவில். ஒரு சின்ன ஆள் நிற்கிற அளவு.

"நெய்தி, சின்னவளை ஒட்டி நில்லு."

"ஒட்டித்தான நிக்கறேன்."

நானே போனேன். ரெண்டு பேர் தோளையும் பிடித்துச் சேர்த்து வைத்தேன். திரும்பி வந்து கேமராவில் கண்ணை வைத்தேன்.

இடைவெளி அப்படியே இருந்தது.

இந்த வயதில் கண் போய்விட்டதா என்று என்மேலேயே கோபம் வந்தது. சரி, எல்லாரும் உட்காருங்கள் என்றேன். நெய்தியிடம், சின்னவள் காதில் சிரிப்பு வருகிறமாதிரி ஏதாவது சொல்லச் சொன்னேன். எந்தக் குழந்தையும் இதற்கு மசியும்.

நெய்தி குனிந்தாள். சுவெமி ஒரு விரலை உயர்த்தி அவளை நிறுத்தினாள். அந்தக் காலி இடத்துப் பக்கம் காதைச் சாய்த்தாள். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்...

பிறகு சொன்னாள். "அவளோட தட்டு எங்கன்னு கேக்கறா."

நெய்தியின் முகம் வெளுத்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்து, ஐயோ இந்தப் படமும் போச்சே என்றுதான் நினைத்தேன்.

வெளிச்சம் மிஞ்சிப்போனால் இன்னும் பத்து நிமிடம். கடைசியாக ஒன்று. நாலு பேரும் கைகோத்துக் கொல்லையில் நாரத்தை மரம் வரைக்கும் நடங்கள். நான் கூப்பிடும்வரை யாரும் திரும்பக் கூடாது.

நடந்தார்கள்.

பாதி வழியில் சுவெமி அம்மாவின் கையை விட்டாள். இடது கை மட்டும் பக்கவாட்டில் நீண்டிருந்தது. விரல்கள் எதையோ பிடித்ததுபோல மடங்கியிருந்தன. அண்ணாந்து யாரையோ பார்த்துச் சிரித்தாள். துள்ளித் துள்ளி நடந்தாள்.

அப்பாடா. அன்றைக்கு முதல்முதலாக ஓர் இயல்பான படம்.

சட்... சட்... சட்...

அவள் வலது பக்கம் விலகினாள். நானும் கேமராவைத் திருப்பினேன்.

சட்... சட்...

படத்தின் ஓரத்தில் ஒரு கல் விளிம்பு வந்தது.

முழங்கால் உயரம்.

கிணறு.

கூப்பிட வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

காற்றே இல்லை. இலைகூட அசையவில்லை. தாழ்வாரத்தில் காலி வலை ஊஞ்சல் மட்டும்... கிரீச்... கிரீச்...

சுவெமி ஒரு காலைத் தூக்கி விளிம்பில் வைத்தாள்.

குனிந்தாள்.

வில்பெர்த் திரும்பினான். அத்தனை திட்டியும் அவன் மட்டும்தான் என் பேச்சைக் கேட்கவில்லை. ஒரே பாய்ச்சல். உடுப்பின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தான்.

மூன்று பேரும் அவளைச் சூழ்ந்துகொண்டு அழுதார்கள். என் விரல் அதுவாக அழுத்தியது. ஒரே ஒரு தரம்.

சட்.

அப்பாவின் மடியிலிருந்து சுவெமி விக்கி விக்கிச் சொன்னாள். "அவளுக்குத் தாகமா இருக்காம். தண்ணி எடுத்துக் குடுக்கத்தான் போனேன்."

அந்த 'அவள்' யார் என்று கேட்காமலே கேமராவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ராத்திரி படங்களைப் பார்த்தேன். ஒன்றும் தேறாது. எல்லாவற்றிலும் அந்த இடைவெளி. கடைசிப் படத்தில் மட்டும் இல்லை. நால்வரும் ஒரே குவியலாக இருந்தார்கள். கண்ணீரும் மண்ணுமாக, என்னை அடியோடு மறந்து. என் வாழ்நாளில் அப்படி ஒரு குடும்பப் படம் எடுத்ததில்லை.

பெரிதாக்கினேன்.

நெய்தியின் இரண்டு கைகளும் சுவெமியின் கன்னத்தில் இருந்தன. வில்பெர்த்தின் கைகள் தெரிந்தன. யாயிரின் கைகள் தெரிந்தன. நெய்தியின் பாவாடை மட்டும், யாரும் இல்லாத பக்கத்தில், இடுப்புக்குக் கீழே கொத்தாகச் சுருங்கி அந்தரத்தில் இழுபட்டு நின்றது...

முள்ளில் மாட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த இடத்தில் செடியே இல்லை.

அச்சுப் போட்டு, உறையில் வைத்து ஒட்டினேன். காலையில் கொண்டுபோய் வில்பெர்த்திடம் கொடுத்தேன். கப்பலில் போய்த்தான் பிரிப்பேன் என்று பைக்குள் வைத்துக்கொண்டு வண்டி ஏறினான்.

அவர்கள் வீட்டுத் தாழ்வார மேசை அன்றைக்குக் காலியாக இல்லை. மெழுகுவத்தி எரிந்தது. சாக்லேட், ஒரு சின்னத் தட்டு, ஒரு டம்ளர் தண்ணீர். டம்ளரில் தண்ணீர் பாதிதான் இருந்தது. நான் அதையே பார்ப்பதை, தம்பியை வழியனுப்ப வந்திருந்த எர்மிலா கவனித்துவிட்டாள்.

"உங்களுக்குத் தெரியாது இல்ல. நடுவுல ஒருத்தி இருந்தா. லிஹியா. ஏழு வயசுல காய்ச்சல்ல போயிட்டா, இந்தச் சின்னது பொறக்கறதுக்கு முன்னாடி. சின்னதுகிட்ட நாங்க அந்தப் பேரையே சொன்னதில்ல. வருஷா வருஷம் தட்டு வைப்போம். இந்த வருஷம் படம் எடுக்கணும்னு மேசையைத் தொடச்சுட்டா நெய்தி."

லிஹியாவின் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"ஒண்ணுகூட இல்ல டோன்யா. படம் எடுக்கறாங்கன்னாலே அவளுக்குக் கூச்சம். அம்மா பாவாடையைக் கொத்தா பிடிச்சுட்டுப் பின்னால ஒளிஞ்சுக்குவா."

வண்டி அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருந்தது. உறை ஒட்டியபடியே அவன் பைக்குள் இருந்தது. அந்தப் படத்தை என்னைத் தவிர அதுவரை யாரும் பார்த்திருக்கவில்லை.