ரிசப்ஷன் நாற்காலியும் பரு ஜெல்லும்

தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலையில் இருக்கிறேன். நான்கு மாதமாக ரிசப்ஷனில் ஆள் இல்லை. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும், பிரெஞ்சும் கொஞ்சம் பேசுவேன். அந்த வேலையைக் கேட்டதற்கு, "மொதல்ல மொகம் சரியாவட்டும்மா, பாக்கலாம்" என்றார் மேனேஜர்.

அன்றிலிருந்து பருவுக்கு ஆன்டிபயாடிக் ஜெல் பூசுகிறேன்.

இன்று பெரிய மார்க்கெட் பக்கத்து மருந்துக்கடையில் இன்னொரு டியூப் கேட்டேன். கடை அக்கா தரவில்லை.

"எத்தினி மாசமா போடற?"

"நாலு."

"டாக்டர் எழுதிக் குடுத்தாரா?"

"இல்லக்கா, கூட வேல செய்றவ சொன்னா."

"இத மட்டும் மாசக்கணக்கா பூசுனா கிருமி பழகிடும்மா. அப்புறம் மருந்தே கேக்காது. போயி தோல் டாக்டரப் பாரு."

"அதுக்குள்ள வேற யாரையாவது உக்கார வெச்சிடுவாங்கக்கா."

தினமும் கண்ணாடிக் கதவு வழியாக அந்த ரிசப்ஷன் நாற்காலியைப் பார்த்துவிட்டுத்தான் பேக்கிங்குக்குப் போகிறேன். அதில் உட்கார்ந்து, போன் அடித்தால் எடுத்து, "வணக்கம், சொல்லுங்க" என்று ஒரு நாளாவது சொல்ல வேண்டும்.

நாளை டாக்டரிடம் போகிறேன்.

எங்கள் மேனேஜரின் கன்னம் முழுக்கப் பருத் தழும்பு, குழி குழியாக. அவர் எந்த ஜெல் பூசி மேனேஜர் ஆனார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.