மருந்துப் பாட்டு யாருடையது

அந்தக் கோஷ்டியில் நான்கு பேர். நான்கு பேரும் துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கியவர்கள். ஒருவருக்கும் ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. ஆர்மோனியத்தில் இரண்டு கட்டைகள் அழுத்தினால் மேலே வராது. டோலக்குக்குத் தோல் கிழிந்தபோது கோணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். இன்னொருவர் மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப்போட்டு இரண்டு குச்சியால் அடிப்பார். பாடகருக்குக் குரல் என்று ஒன்று கிடையாது, தொண்டைதான் உண்டு. சண்டை முடிந்து ஜப்பான்காரன் போன பிறகு வந்த வருடங்களில் மலாக்கா சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்தில் வேலை நிறுத்தம் என்றாலும், எந்தக் கோயிலில் திருவிழா என்றாலும் இவர்கள் வந்துவிடுவார்கள். சனங்கள் அவர்களைத் தகரக் கோஷ்டி என்றார்கள். கேலியாக ஆரம்பித்த பேர் அப்படியே நிலைத்துவிட்டது.

அவர்கள் பாடியதில் எல்லோருக்கும் மனப்பாடமானது மருந்துப் பாட்டு. ஒரு ரப்பர் தொழிற்சாலையில் உருளைக்குள் கை போன ஒருவனுக்கு மருந்து கொடுக்கவில்லை என்று கட்டிய பாட்டு அது.

வெயிலைக் கேட்டோமா, மழையைக் கேட்டோமா,
வெட்டுப்பட்ட கைக்கு மருந்தைத்தானே கேட்டோம்.

அதற்குப் பிறகு, காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்தது. பாடுகிறவன், பேசுகிறவன், நோட்டீஸ் ஒட்டுகிறவன் என்று ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கோஷ்டி இரண்டு மூன்று வருடம் கண்ணில் படவில்லை. மறுபடி வந்தபோது நான்கு பேரும் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார்கள். அக்கார்டியனும் கிளாரினெட்டும் வந்திருந்தன. தகரம் இல்லை. நிலா, தோட்டத்துப் பூ, அன்னையின் மடி, நாடு வாழ்க என்று பாடினார்கள். இசைத்தட்டும் வந்தது. வாரத்தில் ஒரு சாயங்காலம் வானொலியிலும் ஒலித்தார்கள்.

நான் அப்போது ஜாலான் பெண்டஹாரா என்ற தெருவில் ஒரு தையல் கடையில் பொத்தான் கட்டவும் ஓரம் மடிக்கவும் இருந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. அப்பாவை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனான், திரும்பவில்லை. அம்மா காய்ச்சலில் போனாள். மீதி நானும் அண்ணனும்தான். காஜா பெராங்கில் கம்போங் செட்டி என்ற குடியிருப்பை ஒட்டி ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். அண்ணன் புக்கிட் பாரு பக்கம் ஒரு ரப்பர் தொழிற்சாலையில், ரப்பர் தாளைப் புகையில் உலர்த்தும் புகைக்கூண்டு வேலை பார்த்தான்.

கோஷ்டி வானொலியில் பாடும் சாயங்காலம் தையல் கடையில் சண்டை நிச்சயம். கடைக்காரர் பழைய பாட்டுகளின் ஆள்.

"பாட்டா இது? வெந்நீரை ஆத்தி ஆத்திக் குடிக்கிற மாதிரி இருக்கு. அன்னைக்கு நான் முதல் வரிசையில நின்னு கேட்டவன். தகரச் சத்தம் நெஞ்சுக்குள்ள விழும்" என்பார்.

சட்டை தைக்க வந்தே பழகிப்போன ஒரு தமிழ்ப் பள்ளி வாத்தியார் இதற்கு நேர் எதிர். "முன்ன அவங்க கத்துனாங்க. இப்பத்தான் பாடுறாங்க. சுருதி சேர்றதுக்கே இத்தனை வருஷம் ஆயிருக்கு. வளர்ந்தவனைப் பாத்து ஏன் வளர்ந்தேன்னு கேப்பீங்களா?"

"வளர்ச்சியா? விலை போய்ட்டானுங்க சார்."

மூன்றாவது ஆள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கம்போங் செட்டி ஆள், அரசாங்க அலுவலகத்தில் கிராணி, குமாஸ்தா வேலை. நாங்கள் அவரை அபாங் என்று கூப்பிடுவோம். மலாயில் அபாங் என்றால் அண்ணன். இந்த மலாக்காச் செட்டிகள் பல தலைமுறையாக இங்கேயே ஊறிப்போனவர்கள். சாமி கும்பிடுவது நம்மைப் போல, வீட்டில் பேசுவது மலாய். அவருக்குத் தமிழ் நாலு வார்த்தைக்கு மேல் தெரியாது. ஆனால் கோஷ்டியின் பழைய பாட்டுகள் முழுக்க, ஒரு எழுத்து பிசகாமல் வரும். அர்த்தம் மட்டும் தெரியாது. இரண்டு கட்சியும் மூச்சு வாங்க நிறுத்தும்போது அவர் வானொலியைக் காட்டி மெதுவாகச் சொல்வார்: "தாக் மாரா லாகி." இனிமேல் கோபம் இல்லை என்பது அதற்கு அர்த்தம்.

என்னைக் கூட்டிப்போக வரும் அண்ணன் வாசலிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். யார் பக்கமும் பேசமாட்டான். ஒரு தடவை மட்டும், "எந்நேரமும் ஒருத்தன் கோவமாவே இருக்க முடியுமா?" என்றான். கடைக்காரர் அவனை முறைத்தார்.

இந்த அண்ணன்தான், நாடு விடுதலை பெறுவதற்கு முந்தைய வருடத்தில் ஒரு நாள், தொழிற்சாலை வாசலில் நின்று மருந்துப் பாட்டைப் பாடினான்.

அவனோடு வேலை செய்த ஒரு பெண்ணின் விரல்கள் உருளையில் போய்விட்டன. துணியைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்து போகச் சொல்லிவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் வாசலுக்கு வந்து பாட ஆரம்பித்தான். முதலில் நாலு பேர் சேர்ந்தார்கள், பிறகு எல்லோருமே. மூன்றாம் நாள் போலீஸ் எங்கள் அறைக்கு வந்தது. அவனுடைய தகரப் பெட்டியில் ஒரு தாள் இருந்தது. கேட்ட பாட்டை மறந்துவிடக்கூடாது என்று அவன் கைப்பட எழுதி வைத்த தாள். அது போதுமாக இருந்தது. பாட்டைக் கட்டியவனே இவன்தான் என்று எழுதிக்கொண்டார்கள்.

தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். சில மாதம் கழித்து எனக்கு ஒரு செய்தி வந்தது. அவனிடம் பிறப்புப் பத்திரம் இல்லை, அதனால் இந்தியாவுக்குக் கப்பலேற்ற யோசிக்கிறார்கள் என்று. எங்கள் பிறப்புப் பத்திரம் சண்டையில் வீட்டோடு எரிந்துபோனது. அண்ணன் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. அங்கே எங்களுக்கு ஊர் என்ன பேர் என்றுகூட அப்பா சொல்லிவிட்டுப் போகவில்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பொத்தான் கட்டும்போது ஊசி விரலில் ஏறுவதுகூடத் தெரியவில்லை. ஒரு வக்கீலின் குமாஸ்தா இரக்கப்பட்டு வழி சொன்னார். விசாரணைக் குழு ஒன்று உட்காரப்போகிறது. இந்தப் பாட்டு இவன் கட்டியதல்ல, வெகுகாலம் முன்பே பொது இடத்தில் வேறு ஆட்கள் பாடியது என்று யாராவது வந்து சொன்னால் கப்பலேற்றாமல் விடலாம்.

எனக்கு உயிர் வந்தது. அந்தப் பாட்டைக் கேட்காத தமிழன் மலாக்காவில் உண்டா?

அன்றைக்கும் கடையில் விவாதம் நடந்துகொண்டிருந்தது. நான் ஊசியை வைத்துவிட்டு எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். வாத்தியார்தான் முதலில் பேசினார்.

"நான் அந்தப் பழைய பாட்டையெல்லாம் ஆதரிச்சவனே இல்லையேம்மா. என்னைக் கூப்பிட்டா பொருத்தமா இருக்காது. பள்ளிக்கூடத்துலயும் கேள்வி கேப்பாங்க."

நான் கடைக்காரரைப் பார்த்தேன். அவர் துணியில் சுண்ணக்கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க முதல் வரிசையில நின்னு கேட்டீங்கதானே?"

கோட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "கேட்டவங்க சொல்லி எனக்குத் தெரியும்மா. நேர்ல போனதா ஞாபகம் இல்ல."

கோபம்கூட வரவில்லை. ஊசியை எடுத்துப் பாதியில் விட்ட பொத்தானைக் கட்டி முடித்தேன்.

மறுநாளே புக்கிட் பாருவில் பாடகர் வீட்டுக்குப் போனேன். புதுப் பலகை வீடு. பிள்ளைகள் நால்வர் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பனியனோடு உட்கார்ந்திருந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மேடையில் பார்த்ததைவிடச் சின்ன ஆளாக இருந்தார். அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"உன் அண்ணன் பேரு எனக்குத் தெரியும்மா" என்றார். "என்கிட்ட முன்னமே வந்து கேட்டாங்க."

"யாரு?"

"மாத்தாதான், போலீசு. வேற யாரு. அது எங்க பாட்டு இல்ல, எவன் கட்டினான்னும் தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

நான் அவர் காலில் விழுந்தேன். அதை எழுத இன்றும் கூச்சமாக இருக்கிறது, ஆனால் விழுந்தேன். அந்தக் கையெழுத்தை மாற்றச் சொல்லி அழுதேன். பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவரும் அழுதார்.

"மாத்தினா என்னை ஏத்துவாங்கம்மா கப்பல்ல. இதுங்களைப் பாரு. எனக்கு முடியாது. என்னைத் திட்டிட்டுப் போ."

திட்டாமலே எழுந்தேன். புக்கிட் பாருவிலிருந்து காஜா பெராங் வரைக்கும் நடந்தே வந்தேன். வழி நெடுக அவருடைய பழைய குரல் எனக்குள் பாடிக்கொண்டே வந்தது. நிறுத்த முடியவில்லை. வீட்டுக்குப் போகாமல் கம்போங் செட்டிக்குள் இருக்கும் ஒரு குடும்பக் கோயில் சுவரோரம் உட்கார்ந்தேன். கும்பிடத் தோன்றவில்லை. அண்ணன் கப்பலேறும் நாளில் நானும் கடலில் இறங்கிவிடுவது என்று, ஏதோ கடைக்குப் போகிற மாதிரி, சாதாரணமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்து வந்த அபாங் என்னைப் பார்த்துவிட்டு நின்றார். எனக்குத் தெரிந்த உடைந்த மலாயில் சொன்னேன். அவரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தமிழ் தெரியாத மனிதர், அரசாங்க உத்தியோகம் வேறு. அவர் வீட்டுக்குள் போனார். உள்ளே அவர் மனைவியின் குரல் உயர்ந்தது, அப்புறம் அடங்கியது. திரும்பி வந்து, "என்றைக்கு விசாரணை?" என்று மட்டும் கேட்டார்.

விசாரணை அறையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, ஒரு மலாய்க்காரர், ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்தார்கள். என்னைக் கடைசி நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அபாங் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். பல வருடம் முன்பு காஜா பெராங் கோயில் திருவிழாவில் தகரக் கோஷ்டி இதைப் பாடியதாகவும், தான் அங்கேயே நின்று பாடம் பண்ணியதாகவும் மலாயில் சொன்னார். என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மேசையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

முழுப் பாட்டையும் பாடினார். பாடகர் வழக்கமாக இருமும் இடத்தில் இருமினார். மொழிபெயர்ப்பாளர் தலை குனிந்துகொண்டார். முடிந்ததும் அதிகாரி, இதற்கு அர்த்தம் என்ன என்று அபாங்கிடம் கேட்டார்.

"தெரியாது துவான்."

மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனார். அபாங்குக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். அவர் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மாறிக்கொண்டே போனது.

வெளியே வந்ததும் படியில் நின்று என்னிடம் கேட்டார்: "ஓபாட்? இத்து சாஜா?" மருந்தா, அவ்வளவுதானா என்று. இத்தனை வருடமும் அதை ஏதோ பெரிய போர்ப் பாட்டு என்று நினைத்திருந்தாராம். ஆட்களைச் சிறையில் போடுகிற அளவுக்கு அதில் வேறு ஏதாவது இருக்கும் என்று நினைத்தாராம். நான் ஆமாம் என்றேன். அவர் கழுத்துப்பட்டையை அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

அண்ணனைக் கப்பலேற்றவில்லை. ஆனால் விடவும் இல்லை. விடுதலை நாள் வந்தது. ஊரெல்லாம் கொடி. திடலில் கோஷ்டி வெள்ளைக் கோட்டோடு பாடியது என்று சொன்னார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். தையல் கடைக்குப் போவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் அண்ணன் வந்தான். தோள் எலும்பில் சட்டை தொங்கியது. இருமல் இருந்தது. வாரம் ஒரு முறை போலீஸ் நிலையத்தில் போய் நிற்க வேண்டும். யாரும் வேலை கொடுக்கவில்லை. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். வந்து இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் எழுந்து வெளியே போனவன், கோஷ்டியின் புது இசைத்தட்டோடு வந்தான். தையல் கடைக்காரரே வாங்கி வைத்திருந்தாராம், இரவல் கொடுத்தாராம்.

அபாங் வீட்டுக் கிராமபோனில் போட்டான். நிலாப் பாட்டு. எனக்கு உடம்பு எரிந்தது.

"நிறுத்துண்ணே. அவரு என்ன எழுதிக் குடுத்தாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அங்க படிச்சுக் காட்டினாங்க."

"தெரிஞ்சுமா கேக்குற?"

"இங்க கேளு. இந்த வரி முடியுற இடத்துல குரல் நடுங்குது பாரு. பயந்தவன் பாட்டு இது. பயந்தவன் பயந்தவனாத்தான் பாடுறான். எல்லாரும் இதைப் பொய்ங்கிறாங்க. எனக்கு அப்படித் தோணல."

"மருந்துப் பாட்டைவிட இது ஒசத்தியா?"

அவன் இருமி முடித்துவிட்டுச் சொன்னான்: "நானும் ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டேன். இனிமே எங்கயும் பாட மாட்டேன்னு. இல்லேன்னா விட்டிருக்க மாட்டாங்க."

அபாங்குக்குப் புரிந்ததோ இல்லையோ, எழுந்து திண்பண்டம் எடுத்துவருவதாகச் சொல்லி உள்ளே போனார். அண்ணன் முள்ளைத் தூக்கி மறுபடி ஆரம்பத்தில் வைத்தான். நான் எங்கள் அறைக்கு வந்து அடுப்பை மூட்டினேன். அபாங் வீட்டுக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். பாட்டு இங்கேயும் கேட்டது. அவன் சொன்ன இடம் வருகிறதா என்று காதைக் கொடுத்துப் பார்த்தேன். குரல் நடுங்குகிறதா, தட்டு தேய்ந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.