ரப்பர் கொட்டைத் தொங்கட்டான்

தனலெட்சுமி முதலில் நம் காதைத்தான் பார்ப்பாள். முகத்துக்கு அப்புறம்தான் வருவாள். "ஒங்களுக்குக் கடுக்கன் எடுப்பா இருக்கும் வாத்தியாரே. ஒரு சோடி சுத்தித் தரவா?" என்று கேட்டபடியே என் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து, அதில் பித்தளைக் கம்பியைச் சுற்றத் தொடங்கிவிடுவாள். இந்த எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் எனக்கு இருப்பது ஒரே பேனா.

மலாயாவின் சிம்பாங் ரெங்கத்திலிருந்து மாட்டுவண்டியில் அரைமணி தூரம் எங்கள் தோட்டம். தனலெட்சுமி அதில் பால்மரம் வெட்டுகிறவள். வயது முப்பது இருக்கும். வாய்க்கு வயதே கிடையாது. ரப்பர் விலை விழுந்த இந்த இரண்டு வருஷத்தில் லயத்து வீட்டுப் பெண்கள் பாதிப்பேர் தோட்டை விற்றுவிட்டு, காதில் ஈர்க்குச்சி செருகியிருக்கிறார்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் ஆறு மாதமாக நகை செய்கிறாள். உருக்குவது, தட்டுவது ஒன்றும் இல்லை. ரப்பர் கொட்டையைக் கம்பியால் சுற்றி, மேலே ஒரு கொக்கி வைத்தால் தொங்கட்டான். கொட்டைமேல் இருக்கும் பழுப்புப் புள்ளிகளை எந்தத் தட்டானாலும் போட முடியாது என்பது அவள் கட்சி. எனக்கும் அதில் மறுப்பில்லை.

முதலில், பால் வடியும் மங்குக் கிண்ணத்தை மரத்தில் கட்டும் கம்பியில்தான் கை பழகினாள். இரண்டு மழையில் அது துருவேறி, போட்டவர்கள் காதெல்லாம் செம்மண் நிறம். பிறகு சீனக் கடைப் பித்தளைக்கு மாறினாள். வளையம் போடக் குடைக்கம்பி. திருக, கணவன் லெட்சுமணன் இஞ்சின் கொட்டகையிலிருந்து இரவல் வாங்கிவரும் குறடு. நறுக்கிய துண்டுகளைக் கொண்டையில் செருகிக்கொள்வாள். "சோத்துல கல்லு வந்த காலம் போச்சு சார், இப்ப கம்பி வருது" என்று லெட்சுமணன் என்னிடம் அழுதான். அவளோ, "கம்பிய அதட்டக் கூடாது. முன்னயும் பின்னயும் வளைச்சா ரோசம் வந்து ஒடிஞ்சிரும்" என்று எனக்கே பாடம் நடத்தினாள்.

சறுக்கியது கொட்டையில்தான். புதிதாக உதிர்ந்ததை அப்படியே சுற்றி அடுத்த வீட்டு ராஜம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள். ராஜம்மா மழையிலும் வேர்வையிலும் அதைக் கழற்றவே இல்லை. பத்தாம் நாள் காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் நேரத்தில், அவள் இடது காதில் வெள்ளையாக ஒரு முளை எட்டிப் பார்த்தது.

"அலமாக்! காதுல கன்னு நட்டுட்டாளே!" என்று வரிசையில் ஒருத்தி கத்தினாள்.

சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று. கொடுத்த ஏழு சோடியும் திரும்பி வந்தன. தனலெட்சுமி அழுதாள்; எனக்குப் பாவமாக இருந்தது. மறுநாளே கொட்டைகளை வேகவைத்து, துளை போட்டு, பருப்பைக் குடைந்தெடுத்து வெயிலில் பரப்பினாள்.

"இனிமே மொளைக்காது. மாரியம்மன் திருவிழாவுக்கு ஒருத்தியாச்சும் போட்டுக்கிட்டு வரட்டும். இல்லேன்னா கொறட்டத் திருப்பிக் குடுத்துட்டு இத விட்டுர்றேன்" என்றாள்.

திருவிழா அன்று கரகம் புறப்படும்வரை பார்த்தேன். ஒரு காதிலும் ரப்பர் கொட்டை இல்லை. கையில் பொட்டலத்தோடு நின்றவளிடம் ராஜம்மா நேரே வந்தாள். "ஒங் காதுல தங்கத் தோடு. எங்க காதுக்கு மட்டும் கித்தாக் கொட்டையா?"

பெண்கள் கூடிவிட்டார்கள். தனலெட்சுமி காதில் இருந்தது தாய்வீட்டுத் தோடு. கல்யாணத்துக்குப் பிறகு கழற்றியதே இல்லை.

தனலெட்சுமி இரண்டு திருகாணிகளையும் கழற்றினாள். தோட்டை ராஜம்மாவின் உள்ளங்கையில் வைத்து, "செத்த புடி" என்றாள். பொட்டலத்திலிருந்து ஒரு சோடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கரகத்துக்கு முன்னால் போய் நின்று, தலையை ஓர் உலுப்பு உலுப்பினாள்.