இரண்டு வீட்டு வேலி

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வேலிச்செடியின் மேல்விளிம்புக்கு நேராகத் தாடையை வைத்துப் பார்ப்பார் அவர். ஒரே ஓர் இலை தலைதூக்கி நின்றாலும் அவருக்குப் பொறுக்காது. அதை மட்டும் கிள்ளுவதுபோல் வெட்டிவிட்டு மறுபடியும் தாடையை வைப்பார். தெருவில் அவருக்கு ‘மட்டக்கோல்’ என்று பெயர். ‘தோட்டப் பராமரிப்பு காண்ட்ராக்டர்’ என்று வேனில் எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை.

வேனை ஓட்டுவது மனைவி. வெட்டியதை வாரி மூட்டை கட்டுவதும் அவள்தான். புல்லிலும் பூச்செடியிலும் அவள் தாராளமாகக் கைவைக்கலாம். வேலியை மட்டும் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். “படுக்கை விரிப்பையே நாலு மூலையும் இழுத்து இழுத்துப் பாக்குற மனுஷன். நான் வெட்டுன வேலிய நெனச்சா தூங்குவாரா?” என்பாள். அவரும் சிரிப்பார், சிரித்துக்கொண்டே விரிப்பின் மூலையை இழுத்துவிடுவார்.

அவரைப் பாடாய்ப் படுத்திய வேலி ஒன்று உண்டு. அடுத்தடுத்துக் குடியிருந்த ஓர் அண்ணன் தம்பியின் வீடுகளுக்கு நடுவில் நிற்பது. இரண்டு வீட்டுத் தோட்டமும் அவர் பொறுப்பு. அவர்களின் மனைவிகள், ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. வேலியை ஆள் உயரத்துக்கு விடச் சொன்னாள் மூத்தவள், அந்த முகமே தெரியக் கூடாதாம். ரோஜாவுக்கு வெயில் விழவில்லை, இடுப்பளவுக்கு இறக்குங்கள் என்றாள் இளையவள். இவர் மார்பளவுக்கு நேராக வெட்டிவிட்டு இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் இருவருமே, அடுத்த மாதம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் அவரை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அந்த யோசனையிலேயே புல்வெட்டும் மெஷினை வேனில் தூக்கி வைத்தார், இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு மாதம் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றார் டாக்டர்.

மனைவி தனியாக வேலைக்குப் போய்வந்தாள். வேலி தன் போக்கில் வளர்ந்தது. ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, இளையவள் சமையலறைக் கத்தரியால் வேலியை வெட்டத் தொடங்கியதையும், மூத்தவள் பாய்ந்து வந்ததையும் அவரிடம் சொன்னாள்.

“ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களா?”

“எங்க பேசினாங்க? ஒரே சண்டை.”

“சண்டைன்னா வாயாலதானே?” என்றார் அவர்.

அதன்பின் தினமும் அவளிடம் வேலி நிலவரம் கேட்டார். சண்டை முதலில் வேலியைப் பற்றி. பிறகு மாமனார் வீட்டுப் பழைய கணக்கு. ஒரு வாரத்தில் முழங்கால் வலிக்கு எந்த டாக்டர் தேவலை என்பது. வேறு ஆளைத் தேடும் பேச்சையே காணோம்.

இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு அவர் முதல்முறையாக அங்கே போன காலை, வேலியின் நடுவில் ஆடு மேய்ந்த மாதிரி பெரிய பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காபித் தம்ளர், இந்தப் பக்கம் ஒரு காபித் தம்ளர். அவர் கை தானாகக் கத்தரிக்குப் போனது. தம்ளர்களைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

“இத எப்ப சரி பண்ணப் போறீங்க?” என்றாள் மனைவி.

“இன்னிக்கு புல்லு மட்டும் பாப்போம்.”

மனைவி மெஷினை இறக்கித் தர, அவர் ஓட்டத் தொடங்கினார். பாதிப் புல் ஆகியிருக்கும். மெஷின் இரைச்சலில் மூத்தவள் காதோரம் கையைக் குவித்து, “என்னடி சொன்னே?” என்று வேலிப் பக்கம் குனிவது தெரிந்தது.

மெஷினை அணைத்தார். வேனிலிருந்து கை அரிவாளை எடுத்துவந்து, மீதிப் புல்லை அறுக்க, இடுப்பைப் பிடித்தபடி மெல்லப் புல்லில் உட்கார்ந்தார்.