மியூசியத்தில் ஒரு கண்டக்டர்

ஊர் மியூசியத்தில் நான்கு மாதப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறோம் என்று விளம்பரம் போட்டவர்கள், வயது வரம்பு போட மறந்துவிட்டார்கள். அந்த மறதிக்குக் கிடைத்த தண்டனைதான் கண்டக்டர்.

பஸ்ஸில் ஆயுசெல்லாம் விசில் ஊதி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர் ஓய்வாக இருந்திருந்தால் யாருக்கும் ஒரு தொல்லையும் இல்லை. அவரோ வீட்டையே பஸ்ஸாக்கி ஓட்ட ஆரம்பித்தார். வீட்டம்மா அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு நிமிஷம் நின்றால் போதும், “வழியில நிக்காதே, உள்ள போ, உள்ள போ” என்பார். சொந்தச் சமையலறையில் அதற்கு மேல் உள்ளே எங்கே போவது? சுவருக்குள்தான் போகவேண்டும். அந்த விளம்பரத்தைக் கத்தரித்து அவருடைய டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தது வீட்டம்மாதான்.

மியூசியத்தை நடத்தி வந்தவர் முப்பது வயதுப் பெண். எல்லோருக்கும் மேடம். பழைய ரேடியோ, தறி, சுவர்க் கடிகாரம் என்று ஊராரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, ஒவ்வொன்றையும் தானே துடைத்து வைத்தவர். வருகிறவர்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. அப்படிப்பட்டவரிடம், யாரையும் எங்கேயும் நிற்கவிடாத மனிதர் வந்து சேர்ந்தார். விதி என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

சுற்றிக்காட்டும் வேலை கண்டக்டருக்குக் கிடைத்தது. “முன்னாடி எடம் இருக்கு, நகருங்க, ரேடியோகிட்ட கூட்டம் போடாதீங்க” என்று அவர் குரல் கொடுத்தால், வாசலில் நுழைந்தவர்கள் பத்து நிமிஷத்தில் பின்வாசல் வழியாக வெளியே நிற்பார்கள். எதைப் பார்த்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. ஒருநாள் ஒரு பெரியவர் கடிகாரத்தின் உள்சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். “ரைட், போலாம்” என்று கண்டக்டர் கண்ணாடிப் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார். பஸ்ஸைத் தட்டினால் பஸ் கிளம்பும். இங்கே அலாரம் கிளம்பியது. பெரியவர் கைத்தடியை விட்டுவிட்டு ஓடினார்.

இத்தனைக்கும் கண்டக்டருக்கு அந்த இடம் உயிராகப் போய்விட்டது. காலையில் இஸ்திரி போட்ட சட்டை, போய்ச் சேர ஓர் இடம், “சார் வந்துட்டாரா?” என்று கேட்க நாலு பேர். ஓய்வு பெற்ற மனிதருக்கு இது என்ன சாதாரண விஷயமா? பயிற்சி முடியப் போகிறது என்றதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சம்பளமே வேண்டாம், ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தால் போதும் என்று கேட்டுவிடத் தீர்மானித்தார்.

கடைசி நாள் மத்தியானம், யாரும் இல்லாத ரேடியோ அறையில் நின்று, கேட்கவேண்டியதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு மேடம் அறைக்குப் போனார். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே வீட்டம்மாவின் குரல் கேட்டது.

“இன்னும் ஒரு ரெண்டு மாசம் மட்டும் வச்சுக்கங்க மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“அம்மா, சார் ரொம்ப நல்லவர். ஆனா என்னால முடியாதும்மா.”

“நல்லவர்தான் மேடம், நான் இல்லேன்னா சொல்றேன்? இந்த நாலு மாசம் வீட்ல நெனச்ச எடத்துல நின்னேன். ஜன்னல்கிட்ட சும்மா நின்னேன். நாளைக்கு அது போயிடும்.”

“இங்க யாரையுமே நிக்க விடமாட்டேங்கிறாரும்மா. வேணும்னா ஒரு மாசம் வச்சுக்கறேன்.”

“ஒரு மாசம் போதாதே மேடம்.”

தள்ளுபடி விலையிலும் போகாத பழைய நாற்காலியைப் பற்றிப் பேசுவதுபோல் இரண்டு பேரும் தன்னைப் பற்றிப் பேசுவதைக் கண்டக்டர் கேட்டார். கோபம் வந்திருந்தால் தேவலை. கோபம் வரவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

“சண்டை வேண்டாம்” என்றார். “எடம் இல்லேன்னா இல்லதான். நான் எறங்கிக்கறேன்.”

மேடம் மேசையைப் பார்த்தார். வீட்டம்மா, “ஏங்க, நான் அப்படிச் சொல்லல” என்று ஆரம்பித்து, அப்படித்தான் சொன்னோம் என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டார். கண்டக்டர் தன் பையை எடுத்துவரப் போனார். பையில் ஒன்றும் இல்லை, ஒரு குடை. அதை மடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்தால் வீட்டம்மாவைக் காணோம். கோடி அறையில் ஒரு பொம்மை வீட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். எந்தக் காலத்திலோ யாரோ வசதியான வீட்டுக் குழந்தை விளையாடியது. விரல் நீளக் கட்டில், தீப்பெட்டி அளவு அலமாரி. அதன் சமையலறையைத்தான் வீட்டம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு கூட்டம் வந்து போனது. அவர் அசையவில்லை.

கண்டக்டருக்கு நாக்கு துறுதுறுத்தது. “நக...” என்று அவர் ஆரம்பிக்க, பின்னாலிருந்து மேடம் அவர் கையைப் பிடித்துவிட்டார். மேடத்தின் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு ஜீவன் இங்கே நின்று பார்த்ததில்லை.

“இந்த அடுப்படியில ஆளே இல்ல பாருங்க மேடம்” என்றார் வீட்டம்மா, திரும்பாமலே. “என்னா நிம்மதி.”

“அம்மா, திங்கக்கிழமை அடுத்த பயிற்சி ஆரம்பிக்குது. நீங்க வரீங்களா?” என்றார் மேடம்.

வீட்டம்மா யோசிக்கவே இல்லை. புருஷனைக்கூடக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை வீட்டம்மா நல்ல செருப்பைத் தேடி எடுத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஊர்வம்பு பேச வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம்கூட நின்று பதில் சொல்லவில்லை. கண்டக்டர் வாசல்வரை பின்னாலேயே வந்தார். வீடு முழுக்க இனி அவருடையது, எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். அவருக்கோ எங்கே நிற்பதென்றே தெரியவில்லை.

“எப்ப வருவே?” என்றார்.

கேட்ட பிறகுதான் உறைத்தது. கல்யாணம் ஆன நாளாக இதே வாசலில் தினமும் அவள் கேட்ட கேள்வி. ஒருநாளாவது நின்று பதில் சொன்னதாக அவருக்கு ஞாபகம் இல்லை.

வீட்டம்மா நின்றார். திரும்பி வந்து, “அஞ்சரைக்கு வந்துடுவேங்க” என்றார். “வாசல்லயே நிக்காதீங்க, உள்ள போய்ச் சாப்பிடுங்க.”