உப்புப் பார்க்க ஏழு பேர்

அமீர் நிஷாவின் அப்பா காரைக்கால் துணிக்கடைக்காரர், அம்மா வியட்நாமின் சைகோன்காரி; கடையும் அங்கேதான். 1975இல் ஆட்சி மாறியதும் கடை போனது. அவள் படிப்பும் ஐந்தாம் வகுப்போடு நின்றது. வாய் மட்டும் நிற்கவில்லை. இருபது வருடம் கழித்து, அதே ஊரின் சோலோன் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளி ஒன்றில் அவளைச் சமையலுக்கு வைத்தார்கள்.

மதியச் சோறு பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்குத்தான். பெயர் ஏற வேண்டுமென்றால் குடும்பப் பதிவுப் புத்தகம் வேண்டும். வெளியூரிலிருந்து பிழைக்க வந்த வீட்டுப் பிள்ளைகள் ஏழு பேருக்கு அது இல்லை. மணி அடித்ததும் அந்த ஏழும் குழாயடிக்குப் போய் வயிறு குலுங்கத் தண்ணீர் குடித்துவிட்டு வரும். அதைப் பார்த்தால் நிஷாவுக்குக் கரண்டி பிடிக்கக் கை வராது.

ரமலான் பிறந்தது. பெரிய டீச்சர் ஹான் முன்னால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள்.

"நான் நோன்பு, டீச்சர். உப்புப் பாக்க முடியாது. ஆள் வேணும்."

நுனிநாக்கில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்பது நிஷாவுக்குத் தெரியும். டீச்சருக்குத் தெரியாது.

"சரி, யாரையாவது வச்சுக்க."

மறுநாள் அடுப்படியில் ஏழு தட்டு. ஏழிலும் சோறு, கீரை, மீன் குழம்பு.

மீன் இறக்க வந்த கணவர் கிதிர் முகம்மது எட்டிப் பார்த்தார். "என்னா புள்ள, உப்புப் பாக்க ஒரு நாக்கு பத்தாதா?"

"ஒருத்தன் உப்புக்கு, ஒருத்தி புளிக்கு, ஒருத்தன் முள்ளுக்கு. நோன்பா இருக்கீங்க, தப்பிச்சீங்க. இல்லன்னா காரத்துக்கு ஒங்களத்தான் வச்சிருப்பேன்."

அவர் கூடையை இறக்கிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து கூடையில் இரண்டு மீன் கூடுதலாக வந்தது.

பெருநாள் முடிந்த மறுநாள் டீச்சர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். ஏழு வாயும் சோற்றோடு அப்படியே நின்றன.

"நோன்புதான் முடிஞ்சிருச்சே, நிஷா?"

"பெருநாளுக்கு அப்புறம் வைக்கிற ஆறு நோன்பு இன்னும் இருக்கு, டீச்சர்."

"அதுக்கப்புறம்?"

நிஷா கரண்டியைக் கீழே வைத்தாள். "அதுக்கப்புறம் இதுங்க திரும்பவும் தண்ணி குடிக்கும்," என்றாள் தரையைப் பார்த்து.

டீச்சர் கடைசிச் சிறுமியிடம் குனிந்தார். "குழம்பு எப்படி?"

"உப்பு சரி. மீன்தான் பத்தல."

டீச்சர் சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. பட்டியலை வரவழைத்து அடியில் எழுதினார்: 'சமையல் உதவியாளர்கள், ஏழு பேர். மதிய உணவு உண்டு.'

பதிவுப் புத்தகம் மாணவர்களிடம்தான் கேட்பார்கள். உதவியாளர்களிடம் கேட்கச் சொல்லி எங்கும் எழுதியிருக்கவில்லை. உதவியாளர்களில் மூத்தவனுக்கு எட்டு வயது.

"என்ன வேடிக்கை? சாப்பிடுங்க," என்று அதட்டிவிட்டு, நிஷா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகைதான் என்றாள். அடுப்பு அணைந்து அரைமணி ஆகியிருந்தது.