கடைப் பேரில் வாங்கிய சோபா

பெரியத்தான் அன்றைக்கு மட்டும் வாயைக் கொஞ்சம் அடக்கியிருந்தால் இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டமாக இருந்திருக்கும். வாய்க்கொழுப்பு, வேறென்ன?

வரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்திருந்தது. குழாய், வாஷ்பேசின், குளியலறைச் சாமான் விற்கிற கடை. ஆரம்பித்தது பெரியத்தான், கல்லாவில் உட்கார்வது பெரியத்தான், லாபத்தைத் தின்பதும் அவரேதான். ஆனால் பதிவில் உரிமையாளர் என்று இருந்தது அவருடைய தம்பி பெண்டாட்டியின் பெயர். இளைய மருமகள் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். வாடிக்கையாளர்களிடம் வசூலித்த விற்பனை வரியை இரண்டு வருஷமாகக் கட்டவில்லை, வட்டியும் அபராதமும் சேர்த்துக் கட்டு, இல்லையென்றால் உன் சொத்தில் கை வைப்போம் என்று அந்தக் காகிதம் சின்னவளை மிரட்டியது. அவளுக்குச் சொத்து என்று இருந்தது அவளுடைய அம்மா விட்டுப்போன இரண்டு அறை வீடு ஒன்றுதான். அதில்தான் புருஷனோடும் மகளோடும் குடியிருந்தாள். முன்னறையில் தையல் மிஷினைப் போட்டு, ஜன்னல் திரை தைத்து, அதில் வருகிற காசில் மகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு புருஷனோடு பெரியத்தான் வீட்டுக்கு ஓடினாள். அவர் கூடத்துச் சோபாவில் காலை நீட்டிப் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், இதைக் கொஞ்சம் பாருங்க. வீட்டை எடுத்துக்குவோம்னு எழுதியிருக்காங்க."

அவர் ஒரு பார்வை பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். டிவி சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை.

"உன் பேர்லதான வந்திருக்கு? நீயே பாத்துக்க."

"கடை உங்களுதுதான அத்தான்?"

"பேப்பர்ல யார் பேர் இருக்கு? என் பேரா? அப்புறம் என்னை எதுக்குக் கேக்கற?" என்று சிரித்தார். சிரித்தார் ஐயா, அந்த மனுஷன்! சின்னவள் தன் புருஷனைப் பார்த்தாள். அவன் மின்விசிறி எத்தனை வேகத்தில் சுற்றுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தான். அடுப்படி வாசலில் ஓரகத்தி, அதாவது பெரியத்தானின் மனைவி பெரியவள், துடைத்த தட்டையே திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

அவள் பெயர் அந்தக் கடையில் எப்படி ஏறியது என்று கேட்கிறீர்களா? பெரியத்தான் அதற்குமுன் கட்டடச் சாமான் வியாபாரம் செய்து, ஊரெல்லாம் கடன் வைத்து, கையை விரித்தவர். அவர் பேரில் எந்த வங்கியும் கணக்குத் திறக்காது. தன் மனைவி பேரில் வைத்தால் பழைய கடன்காரர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். ஆகவே தம்பி வீட்டுக்கு வந்து, "உன் பேர்ல இருந்தா என்ன, என் பேர்ல இருந்தா என்ன, எல்லாம் ஒரே குடும்பம்தான" என்று தேனொழுகப் பேசினார். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான் அவள் புருஷன். பம்பு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிற அப்பாவி. அண்ணனென்றால் அவனுக்கு வாய் அடைத்துவிடும். காட்டின இடத்திலெல்லாம் சின்னவள் கையெழுத்துப் போட்டாள். வெறும் காசோலைகளிலும் போட்டாள். மத்தியானங்களில் கடைக்குப் போய்த் தூசி தட்டினாள், சரக்கு எண்ணினாள், பில் போட்டாள். சம்பளம் என்று ஒரு காசு கிடையாது. வருஷக் கடைசியில் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார், அதுவும் ஏதோ குழாய்க் கம்பெனி அவருக்கு இலவசமாகக் கொடுத்தது.

அன்றைக்குத் திரும்பி நடக்கும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. "இந்த ஆள் என் முன்னாடி கையேந்தி நிக்கணும். நிக்கவைக்காம விடமாட்டேன்" என்று தெருவிலேயே வாய்விட்டுச் சொன்னாள். புருஷன், "மெதுவாப் பேசு, யாராவது கேக்கப்போறாங்க" என்றான். கேட்கட்டுமே!

மறுநாளே கடைக்கணக்குப் பார்க்கிற ஆடிட்டரைத் தேடிப் போனாள். கண்ணாடிக்கடை மாடியில் ஒரு குறுகலான அறை. கோப்புகளுக்கு நடுவில் முகம் மட்டும் தெரிய ஒரு நடுவயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க முதலாளியம்மா," என்றாள் ஆடிட்டர். "இத்தனை வருஷமா உங்க கணக்கைப் பாக்கறேன், உங்களை இன்னைக்குத்தான் பாக்கறேன். வரி கட்டுங்கன்னு அனுப்பின தகவலெல்லாம் பாத்தீங்களா?"

எல்லாம் பெரியத்தான் கொடுத்திருந்த அவருடைய போன் நம்பருக்குத்தான் போயிருந்தன. சின்னவள் நோட்டீஸை மேசைமேல் வைத்தாள்.

"பில்லுல போட்டு வாங்கற வரி இருக்கே, அது உங்க காசு இல்ல," என்றாள் ஆடிட்டர். "அரசாங்கத்துக் காசு. கட்டற நாள் வரைக்கும் உங்க கையில இருக்கு, அவ்வளவுதான். வந்ததும் தனியா எடுத்து வச்சிடணும். உங்க அத்தான் அதையும் சேத்து செலவு பண்ணிட்டார்."

"செலவு பண்ணது அவரு. வீடு மட்டும் என் வீடா?"

"தனி ஆள் பேர்ல நடக்கற கடைன்னா கடை வேற, ஆள் வேற கிடையாது. கடையோட கடன் உங்க கடன்."

சின்னவள் நோட்டீஸைத் தன் பக்கம் இழுத்து இன்னொரு தடவை படித்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப கடையோட சொத்து?"

ஆடிட்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "அதுவும் உங்க சொத்துதான்."

கடையின் சொத்துப் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தாள். படிக்கப் படிக்கச் சின்னவளுக்குக் கண் விரிந்தது. கார். பெரிய பிரிட்ஜ். இரண்டு ஏசி. டிவி. உடற்பயிற்சிக்கு ஓடுகிற மிஷின், அதில் பெரியத்தான் ஒருநாளும் ஓடியதில்லை, ஈரத்துண்டுதான் காயும். ஏழு பேர் உட்காரும் சோபா. வீட்டுக்கு வாங்கியதையெல்லாம் கடைப் பேரில் பில் போட்டு, கடைச்செலவு என்று காட்டியிருந்தார். செலவு கூடினால் கணக்கில் லாபம் குறையும், லாபம் குறைந்தால் வருமான வரி குறையும். இந்தச் சாமர்த்தியத்தைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

"காரையாவது ஒரு பேச்சுக்கு ஒத்துக்கலாம். சோபா எதுக்குன்னு கேட்டேன். கடைக்கு வர்றவங்க உக்காரன்னு சொன்னார்," என்றாள் ஆடிட்டர். "சொந்தச் செலவைக் கடையில ஏத்தறது தப்பு. இனி கணக்கைத் திருத்தித்தான் ஆகணும். ஆனா சாமான் கடைக்கு வந்துட்டா, அதை வித்தே பாக்கியைக் கட்டிடலாம்."

"வரும்," என்றாள் சின்னவள்.

அங்கிருந்து நேராக வங்கிக்குப் போனாள். பெரியத்தான் கையில் இருந்த காசோலைகளை நிறுத்தச் சொன்னாள். போன் நம்பரை மாற்றினாள், பாஸ்வேர்டை மாற்றினாள். மறுநாள் காலை பூட்டுக்காரனைக் கூட்டிப்போய்க் கடைப் பூட்டையும் மாற்றிவிட்டு, கல்லா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பெரியத்தான் காரில் வந்து இறங்கி, அவளைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்.

"யாரைக் கேட்டு அங்க உக்காந்திருக்க?"

"நீங்கதான அத்தான் பாத்துக்கச் சொன்னீங்க? பாத்துட்டிருக்கேன்."

"முதல் போட்டது நான்! என் காசு! தொலைச்சிடுவேன்!"

"எழுதின பேப்பர் ஏதாவது இருக்கா? இருந்தா கொண்டாங்க, கோர்ட்டுக்கே போவோம். உங்க பழைய கடன்காரங்களும் வருவாங்க. உங்களைத் தேடித் தேடி அவங்களுக்கும் கால் ஓஞ்சு போச்சு."

அவர் முகத்தில் இரத்தம் வற்றிவிட்டது. கடையில் போட்ட பணம் தன்னுடையது என்று ஒரு வார்த்தை வெளியே சொன்னாலும் மொத்தக் கடனும் கழுத்தில் வந்து விழும். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"கார் சாவியை மேசைமேல வச்சிட்டுப் போங்க. அது கடைக் கார்," என்றாள்.

பெரியத்தான் அன்றைக்குப் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். பல வருஷத்துக்குப் பிறகு ஏறியதால் சரியான சில்லறை எடுக்கத் தெரியாமல் கண்டக்டரிடம் திட்டு வாங்கினாராம். அதைக் கேள்விப்பட்டபோது சின்னவளுக்கு உள்ளமெல்லாம் குளிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேனும் சுமை தூக்குகிற இரண்டு பேருமாக அவர் வீட்டு வாசலில் போய் இறங்கினாள். கையில் பட்டியல். பெரியத்தான் சோபாவை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று சண்டித்தனம் பண்ணினார்.

"எந்திரிங்க அத்தான். கடைக்கு வர்றவங்க உக்காரத்தான வாங்கினீங்க? பாவம், எல்லாரும் நின்னுட்டே குழாய் பாக்கறாங்க."

"குடும்ப மானத்தை வாங்கறியேடி!"

"கடைப் பேர்ல வாங்கின எல்லாத்தையும்தான் எடுத்துட்டுப் போறேன்."

சுமைக்காரர்கள் சிரிப்பை அடக்கமாட்டாமல் சோபாவின் ஒரு பக்கத்தைத் தூக்க, அவர் சறுக்கிக்கொண்டே போய்த் தரையில் உட்கார்ந்தார். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அடுப்படியில் பெரியவள், யாரும் சொல்லாமலே பிரிட்ஜைக் காலி பண்ணி, சாமானையெல்லாம் பாத்திரத்தில் எடுத்து வைத்திருந்தாள். பிரிட்ஜை மட்டும் விட்டுவிடலாமா என்று சின்னவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. அன்றைக்கு வாசலில் ஊமையாக நின்றவள்தானே என்று ஞாபகம் வந்தது. அதையும் தூக்கச் சொன்னாள். ஏசியைக் கழற்றிய சுவரில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருந்தன. அவற்றைப் பார்க்க அவளுக்கு நன்றாக இருந்தது.

வேனில் போகும்போது புருஷன் போன் பண்ணினான். "அண்ணன் அழறாரு."

"நல்லா அழட்டும். நீங்க வேணும்னா போய்க் கண்ணைத் துடைச்சு விடுங்க."

கார் போனது, சோபா போனது, எல்லாம் விலையானது. அப்போதும் கொஞ்சம் குறைந்தது. அதைக் கடை வியாபாரத்திலிருந்து தவணை போட்டுக் கட்டினாள். பாக்கி ஏதுமில்லை என்று வரி அலுவலகம் எழுதிக்கொடுத்த நாளில், தன் வீட்டுச் சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள். அதன்பிறகு கடைக்கணக்கு வேறு, வீட்டுக்கணக்கு வேறு என்று பிரித்தாள். வசூலாகிற வரிக்குத் தனியாக ஒரு வங்கிக் கணக்கு. வீட்டுச் செலவுக்கென்று மாதம் ஒரு தொகை, அதற்குமேல் தானும் தொடுவதில்லை. பேனா வாங்க மகள் கல்லாவில் கை விட்டால்கூட, "கையை எடு, அது வீட்டுக் காசு இல்ல" என்பாள்.

ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. பெரியத்தான் இன்னும் அவள் முன்னால் கையேந்தி நிற்கவில்லையே! நிற்பதற்குப் பதில், எதிர்த்தெருவிலேயே போட்டிக்கடை போட்டு அவளை ஒழித்துக்கட்டுவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு மத்தியானம் பெரியவள் கடைக்கு வந்தாள். மடியில் விண்ணப்பத் தாள்களோடு ஒரு கவர்.

"புதுக்கடையை என் பேர்ல போடணுமாம். கையெழுத்துப் போடுன்னு பிடுங்கி எடுக்கறாரு. கடன்காரங்க மோப்பம் பிடிச்சாலும் பிடிக்கட்டுங்கறாரு, வேற யாரும் அவரு பக்கத்துலயே போகமாட்டேங்கறாங்க. போடட்டுமா சின்னவளே?"

போடு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் போதும். இரண்டு வருஷத்தில் இவளுக்கும் ஒரு நோட்டீஸ் வரும். நல்லா வேணும் என்று நாக்கு நுனிவரை வந்தது.

"அன்னைக்கு எனக்காக ஒரு வார்த்தை பேசலையேக்கா நீங்க?"

"பேசலதான். பயம்டி. அந்த ஆளோட ஒரே வீட்டுல இருக்கறது நான்தான்," என்றாள் பெரியவள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

சின்னவளுக்கு அவள்மேல் இருந்த கோபம் தீரவில்லை. ஆனால் பெரியத்தான்மேல் அதைவிடப் பெரிய கோபம் இருந்தது. அதைத் தீர்த்துக்கொள்ள இவளைவிட நல்ல ஆள் எங்கே கிடைக்கும்?

"தாராளமாப் போடுங்கக்கா," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஆனா பேங்க்ல உங்க போன் நம்பரைக் குடுங்க. பாஸ்வேர்டும் செக் புக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும். வெறும் செக்ல கையெழுத்துப் போட்டா கையை ஒடிச்சிடுவேன். வரிக்காசைத் தனியா வைங்க. பில் இல்லாம ஒரு பைசா வெளிய விடாதீங்க. அவரு வேலை பாத்தா மாசச் சம்பளம் குடுங்க, அவ்வளவுதான்."

பெரியவள் ஒவ்வொன்றையும் வாய்விட்டுத் திருப்பிச் சொன்னாள். ஒன்றைக்கூட மறக்கவில்லை.

புதுக்கடை திறந்த வாரமே போன் வந்தது.

"சின்னவளே, ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டேன், காசு குடுங்கறாரு."

பின்னால் பெரியத்தான் குரல் கேட்டது: "யார்கிட்டடி பேசற? போனை வை!"

"பில் இருக்கான்னு கேளுங்க," என்றாள் சின்னவள்.

"இல்லையாம்."

"அப்பக் குடுக்காதீங்க."

பெரியவள் அதை அப்படியே அவரிடம் சொன்னாள். குரல் நடுங்கவேயில்லை. முதலில் ஒரு கத்தல் கேட்டது. பிறகு ஏதோ முணுமுணுப்பு. அப்புறம், "இந்த ஒரு தடவை மட்டும் குடும்மா, பர்ஸ்ல சல்லிக்காசு இல்ல" என்று கெஞ்சுகிற குரல். வாடிக்கையாளர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். சின்னவள் அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, போனைக் காதோடு அழுத்தி, பெரியத்தான் கெஞ்சி முடிக்கிறவரைக்கும் கேட்டாள்.